மணி, இங்கே வா!

பெரம்பூர்த் தெரு ஒன்றில் மாலை வேளையில் நின்று, "மணீ!" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். எதிர்வீட்டுப் பையனும் திரும்புவான். வாசற்படியில் படுத்திருக்கும் நாயும் வாலை ஆட்டும்! மணி, ராஜா, ஜிம்மி என்று மனிதர் பெயரையே நாய்க்கும் சூட்டி மகிழ்கிறோம் நாம்.

ருஷ்யாவில் வழக்கம் சற்று வேறு. பழைய நாய்ப் பெயர்கள் பலவும் கண்ணில் பட்ட அடையாளந்தான். 'ஷாரிக்' என்றால் சின்னப் பந்து. 'பெல்கா' என்றால் அணில், 'ஸ்த்ரெல்கா' சிற்றம்பு. இந்தப் பெயர்கள் கொண்ட இருவரும் 1960 ஆகஸ்டில் விண்வெளியில் பூமியைச் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள்.

ஆனால், 1957 நவம்பர் 3-ல் போன லைக்கா? மாஸ்கோ தெருவில் திரிந்தவள் அவள். முதலில் 'குத்ரியாவ்கா', அதாவது சுருட்டை முடிக்காரி. பிறகுதான் 'லைக்கா' – குரைப்பவள். அவள் ஏறிய கலத்துக்குத் திரும்பும் வழியே கிடையாது. அனுப்பியவர்களுக்கு அது தெரியும். வெப்பம் தாங்காமல் சில மணி நேரத்திலேயே உயிர் நீத்தாள் என்ற உண்மை 2002-ல்தான் வெளிவந்தது.

பெயர் வைப்பது எதற்காக, சகோதரிகளே? கூப்பிட்டால் வீடு வந்து சேரத்தானே! பொழுது சாய்கிறது, உங்கள் மணி வந்துவிட்டானா?