"ஞாபகமில்லை" என்றால் பொய்யா?

ஒருவர், அப்பா செத்தபோது அழவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் "ஒண்ணும் ஞாபகமில்லை" என்கிறார். சேலத்தை அடுத்த ஓமலூர்ப் பக்கம் இப்படிப்பட்டவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்துவிடுவார்கள். வேண்டுமென்றே மறைக்கிறான் என்று பஞ்சாயத்து கூடும். இல்லாவிட்டால் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். இளசுகளோ செல்போனில் பத்துக் கேள்விக்குப் பதில் தட்டிவிட்டுத் தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொள்கிறார்கள். எதுவும் வேலைக்கு ஆகாது.

நெருக்கத்திலிருந்து ஒதுங்கும் இந்தச் சுபாவத்தை உளவியலில் 'தவிர்க்கும் பிணைப்பு' என்பார்கள். தாய் விட்டுப்போய்த் திரும்பியும் கண்டுகொள்ளாத குழந்தைகளின் இதயத்துடிப்பை உளவியலாளர்கள் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் அளந்தார்கள் (1977). முகம் அமைதியாக இருந்தது, துடிப்போ எகிறியிருந்தது. பெரியவர்களிடம் ஃப்ரேலி குழுவினர் 2000-இல் செய்த ஆய்வில், பிரிவு, இழப்பு பற்றிய பேச்சு இந்தச் சுபாவக்காரர்கள் மனதில் ஆரம்பத்திலேயே குறைவாகத்தான் பதிந்தது. மறக்கும் வேகம் மற்றவர்களைப் போலத்தான். பதியாததைத் துருவித் துருவிக் கேட்டு என்ன பயன்?

இது நோய் அல்ல. ஆனால் தூக்கமின்மை, குடி, வீட்டில் ஓயாத சண்டை என்று போனால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். அங்கேதான் சிக்கல்: எதிரே உட்கார்ந்ததும் "நல்லாத்தான் இருக்கேன் சார்" என்பார், ஐந்து நிமிடத்தில் சீட்டு கைக்கு வந்துவிடும். ஆகவே போகுமுன் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: என்ன நடந்தது, எத்தனை நாள் தூங்கவில்லை, எப்போது பேச்சை நிறுத்தினார். அவருக்குத் தெரியாமல் வேண்டாம், அவரும் படிக்கட்டும். நோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

எங்கே போவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் போகுமுன் 14416-க்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் இது. தமிழில் பேசலாம், காசு கிடையாது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள மனநோயாளிக்கு, அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம் என்கிறது 18-ஆம் பிரிவு. "கார்டு எங்கே?" என்று கவுன்டரில் விரட்டினால் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். நோய் விவரத்தை ரகசியமாகக் காப்பது 23-ஆம் பிரிவு. மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமை 25.

வீட்டுச் சண்டை முற்றி விவாகரத்து வழக்கு நடத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. செல்போன் வினாடி வினா முடிவு மருத்துவச் சான்று ஆகாது. அதை மனுவோடு இணைக்காதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கு இதற்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசியில் கேட்க 15100.