வருமான இலக்கு: வருஷக் கணக்கே சரி

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையில் டிபன் கடை நடத்துகிறேன். கார்த்திகை தீபத்திலிருந்து மாசி வரை வெளியூர், வெளிநாட்டுக் கூட்டத்தால் கல்லா நிரம்பும். சித்திரை வெயிலில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் எங்களுக்கு மாத இலக்கு உதவாது; வருஷ இலக்குதான் சரி.

அந்த இலக்கு போய்ச் சேர வேண்டிய இடம் பொருளாதார விடுதலை. அதாவது, கடை திறக்காத நாளிலும் வீட்டு அடுப்பு எரிவது. பொதுவாகச் சொல்லும் கணக்கு, வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேமிப்பு. மாதச் செலவு 20,000 ரூபாய் என்றால் 60 லட்சம். விலைவாசி ஏறுவதால் இதுவே குறைந்தபட்சம்.

தொகை மலைப்பாகத்தான் இருக்கும். அதைச் சேர்க்கத்தான் பௌர்ணமி கிரிவல இரவு லாபத்தை நான் வீட்டுச் செலவுக்கு எடுப்பதில்லை. தபால் ஆபீசில் 5 ஆண்டு ஆர்.டி.யில் போடுகிறேன்.

இலக்கைப் பெரிதாகவே வையுங்கள். ஆனால் வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள்.