அடுப்புக்குப் பின்சுவர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில், 2022-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கற்கருவிகளோடு பழைய பானையோடுகளும் வெளிப்பட்டன. சுட்ட மண்ணின் தீர்க்காயுளுக்கு அவ்வோடுகளே பிரத்தியட்ச சாட்சி. அதே வட்டாரத்தில் தொழிற்சாலைச் சம்பளத்தை ஆதாரமாகக் கொண்டு புது வீடு கட்டுகிறவர்களும் சமையல் மேடைக்கு மேலே சுட்ட மண்ணையே, டைல்ஸ் என்ற ரூபத்தில், பதிக்கிறார்கள். ஆனால் கடையில் அவர்கள் கவனம் செல்வது நிறத்திலும் பூவேலையிலும். செல்ல வேண்டியதோ மஞ்சளின் மீதும் எண்ணெயின் மீதும்.

மஞ்சளுக்கு நிறந்தருகிற குர்க்குமின், தண்ணீரில் எளிதில் கரையாமல் எண்ணெயில் கரையும் சுபாவமுடையது. ஆகையால் குழம்பு கொதித்துத் தெறிக்கும்போதும், தாளிப்பில் கடுகு வெடிக்கும்போதும், எண்ணெயோடு கலந்து சுவரின் நுண்துளைகளில் புகுந்துகொள்கிறது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாலோ, அதன் காரம் பட்டுச் சிவந்து, முன்னிலும் விகாரமாகத் தோன்றுகிறது. செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் தரைக்கு எவ்வளவு சோபை தந்தாலும், சிமெண்டால் ஆனபடியால், மேற்பூச்சின்றி அடுப்பங்கரைச் சுவருக்கு ஆகாது. பளிங்கின் மெருகைப் புளியும் எலுமிச்சையும் அரித்துவிடும். கிரானைட்டுக்கு அந்தப் பயமில்லை. சாதாரண செராமிக் டைல்ஸின் உடல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடியதேயாயினும், முகத்தில் கண்ணாடிபோன்ற மெருகு இருப்பதால் அதுவே போதுமானது என்பது என் அபிப்பிராயம். மேடுபள்ளமாகச் சித்திர வேலை செய்தவற்றைத் தவிர்ப்பது உத்தமம். பிசுக்கு அங்கேதான் குடியேறும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடித் தொழிற்சாலை நடைபெறுகிறது. டைல்ஸுக்குப் பதிலாக, பின்புறம் வர்ணம் பூசிய கண்ணாடியைப் பதித்தால் ஒரே துடைப்பில் சுவர் சுத்தமாகும்; எனினும் அடுப்பருகே வெப்பத்தைத் தாங்கும்படி பதப்படுத்திய கண்ணாடியே வேண்டும். பதப்படுத்திய பிறகு அதை அறுக்கவோ துளையிடவோ இயலாதாகையால், ஸ்விட்ச் பெட்டிக்கும் குழாய்க்கும் உரிய அளவுகளை முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, டைல்ஸுக்கு இடையிலுள்ள சந்துதான் முக்கியம். எட்டடி நீளமும் இரண்டடி உயரமும் உள்ள சுவரில் நான்கு அங்குலச் சதுரங்கள் பதித்தால் 144 துண்டுகள்; ஓரடிக்கு இரண்டடி அளவில் எட்டே துண்டுகள். துண்டு பெருகப் பெருகச் சந்தும் பெருகுகிறது. அந்தச் சந்துகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தால் சில மாதங்களிலேயே மஞ்சள் ஏறிக் கறுத்துவிடும். எபாக்ஸி என்ற பிசின் கலவையால் அடைத்தால் கறை உள்ளே இறங்காது. விலை அதிகந்தான், வேகமாக இறுகிவிடுவதால் கைதேர்ந்த ஆளும் தேவை.

ஆகவே, வீடு கட்டும் அன்பர்களே, பணம் போதாதென்றால் டைல்ஸில் ஒரு படி இறங்குங்கள். "வெள்ளைச் சிமெண்டே போதுங்க" என்று மேஸ்திரி சொன்னாலும், அடுப்புக்கு நேர் பின்னே உள்ள பகுதிக்காவது எபாக்ஸியே வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள்.