பயந்த பூனைக்குட்டி வீட்டில் தங்க முதல் 15 நாட்கள் முக்கியம்

விதைக்கிழங்கை அடுக்கி வைத்த சில நாட்களிலேயே எலி வந்துவிடுகிறது. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம், வீட்டு அரிசி எதுவும் தப்புவதில்லை. உடனே பூனை வளர்க்கலாம் என்று தோன்றும். பக்கத்து லைன் வீட்டில் ஒரு குட்டியை வாங்கி, சாக்கில் போட்டுக் கொண்டு வருகிறோம். சாக்கை அவிழ்த்ததும் அது விறகுக் கட்டுக்குப் பின்னால் ஓடி ஒளிகிறது. யார் கூப்பிட்டாலும் வருவதில்லை. இரண்டாம் நாள் கதவு திறந்திருக்கும் நேரம் பார்த்துப் போய்விடுகிறது. 'இந்த வீட்டில் பூனை தங்காது' என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

குறை வீட்டில் இல்லை. குட்டியை முதல் சில நாட்கள் வைத்திருந்த முறையில்தான் இருக்கிறது. நடுவட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழை நேராக மோதும் மேற்குச் சரிவில் இருக்கிறது. இங்கே வீட்டை விட்டு ஓடிய குட்டி குளிருக்கும் மழைக்கும் தப்புவது கடினம். தப்பினாலும் தெருநாயும் சிறுத்தையும் இருக்கின்றன. எனவே, குட்டி வந்த முதல் 15 நாட்கள் நீங்கள் காட்டும் பொறுமைதான் அது தங்குமா, தங்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

எந்த வயதில் வாங்கலாம்?

குட்டிக்கு 8 வாரம் முடிந்த பிறகே தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். அதற்கு முன் பிரித்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும், பயமும் கூடும். பிறந்த 2 முதல் 7 வாரம் வரையிலான காலத்தில் மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டி விரைவில் பழகும். விறகுக் கொட்டகையில் யாரும் தொடாமல் வளர்ந்த குட்டி பழகச் சில வாரங்கள் கூடுதலாக ஆகலாம். முடிந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து வாங்குங்கள். ஒன்றுக்கொன்று துணை இருந்தால் பயம் குறையும்.

தேயிலைச் செடிகளுக்கு இடையே கிடக்கும் குட்டியை மட்டும் எடுத்து வராதீர்கள். அது காட்டுப்பூனை, சிறுத்தைப் பூனை அல்லது சிறுத்தையின் குட்டியாகவே இருக்கலாம். தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வரும். உடலில் புள்ளிகள், காதின் பின்புறம் வெண்மையான திட்டு ஆகியவை இருந்தால் சந்தேகப்படுங்கள். குட்டியைத் தொடாமல் விலகி வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். இவை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. வீட்டில் வளர்ப்பது குற்றம்.

கொண்டு வருவது எப்படி?

சாக்கில் கட்டிக் கொண்டு வந்தால் வழி மறந்துவிடும் என்பார்கள். சாக்குக்குள் குட்டி படும் பயம்தான் மிச்சம். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியோ, மூடியுள்ள கூடையோ போதும். தாய்ப்பூனை படுத்த பழைய துணி ஒன்றைக் கேட்டு வாங்கி உள்ளே போடுங்கள். பழகிய வாசனை அருகில் இருந்தால் குட்டி அமைதியாக இருக்கும். பகலில் கொண்டு வருவது நல்லது.

ஒரே ஒரு அறை போதும்

முதல் நாளே வீடு முழுவதையும் குட்டிக்குத் திறந்துவிடக் கூடாது. பெரிய இடம் அதற்குப் பயத்தையே தரும். சந்தடி இல்லாத சிறிய அறை ஒன்றை ஒதுக்குங்கள். தனி அறை இல்லாவிட்டால் படுக்கை அறையின் ஒரு மூலையைப் பலகை வைத்து அடைக்கலாம். ஓட்டு இடுக்கு, சுவர் ஓட்டை, ஜன்னல் சந்து ஆகியவற்றை முன்கூட்டியே மூடிவிடுங்கள்.

அறையில் நான்கு பொருட்கள் இருக்க வேண்டும்:

1. பக்கவாட்டில் கவிழ்த்த அட்டைப் பெட்டி. இதுதான் குட்டியின் ஒளிவிடம். உள்ளே சாக்கும் பழைய கம்பளியும் விரியுங்கள்.

2. தண்ணீர்க் கிண்ணம்.

3. உணவுத் தட்டு.

4. மண் அல்லது மரத்தூள் நிரப்பிய பழைய பிளாஸ்டிக் பேசின். மலம் கழிக்க இது. உணவுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அருகில் இருந்தால் பூனை பயன்படுத்தாது.

பயம் போக என்ன செய்யலாம்?

முதல் இரண்டு நாட்கள் குட்டி பெட்டியை விட்டு வராமல் இருப்பது இயல்பே. கையை விட்டு இழுக்காதீர்கள். காது மடங்கி, முடி சிலிர்த்து, 'ஸ்ஸ்' என்று சீறுவது கோபத்தால் அல்ல, பயத்தால். அந்த நேரம் அடித்தாலும் அதட்டினாலும் பழகும் நாள் தள்ளிப்போகும்.

தினமும் மூன்று, நான்கு முறை அறைக்குள் போய்த் தரையில் உட்காருங்கள். நின்றால் நீங்கள் அதற்கு மலை போலத் தெரிவீர்கள். கண்ணை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். பூனைக்கு அது மிரட்டல். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் 'பயமில்லை' என்று புரிந்துகொள்ளும். மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருங்கள். உணவை ஒருவரே, ஒரே நேரத்தில் வைப்பது நல்லது.

மூன்றாம், நான்காம் நாளில் உணவுத் தட்டை உங்கள் பக்கம் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். ஒரு குச்சியின் நுனியில் கோழி இறகைக் கட்டித் தரையில் இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். விளையாட ஆரம்பித்த குட்டிக்குப் பாதிப் பயம் போய்விட்டது என்று பொருள். விரலை நீட்டி, அது முகர்ந்த பிறகே கன்னத்தையும் காதடியையும் தடவுங்கள். வயிற்றைத் தொடக் கூடாது. பிடரியைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. ஒரு கையை மார்புக்கும் மறு கையைப் பின்னங்காலுக்கும் கொடுத்துத் தூக்குங்கள்.

குழந்தைகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புங்கள். வீட்டு நாயைக் குட்டி நன்றாகப் பழகிய பிறகு, கயிற்றில் கட்டித் தூரத்தில் நிறுத்திக் காட்டலாம். இரண்டையும் தனியே விட வேண்டாம்.

உணவும் கதகதப்பும்

இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக உணவு தேவை. பாலும் சோறும் மட்டும் கொடுத்தால் போதாது. பல குட்டிகளுக்கு மாட்டுப்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. வேகவைத்து முள் நீக்கிய மீன், கோழி இறைச்சி, முட்டை ஆகியவற்றைச் சோற்றுடன் பிசைந்து கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, மசாலா சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் படுக்கையின் ஒரு ஓரம் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறு ஓரத்தில் இடம் இருக்க வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். அந்தப் புகை குட்டியை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் சாம்பலில் குட்டி படுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நாள் முழுவதும் எதுவும் சாப்பிடாமலோ, வாந்தி, பேதி, கண்ணில் பீளை ஆகியவற்றுடனோ இருந்தால் அது வெறும் பயம் அல்ல. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் உள்ள விஷங்கள்

குட்டி வருவதற்கு முன்பே எலி மருந்து முழுவதையும் எடுத்துவிடுங்கள். ஜிங்க் பாஸ்பைடு, புரோமடியலோன் போன்ற மருந்தைத் தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் ஆபத்து. பூனையும் எலி மருந்தும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எலியைப் பிடிக்கக் கூண்டுப் பொறி வையுங்கள். பசை அட்டையில் குட்டியே ஒட்டிக்கொள்ளும்.

மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி நீக்கப் பயன்படுத்தும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனை மீது தெளிக்கக் கூடாது. பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. வலிப்பு வந்து இறந்துவிடும். பாரசிட்டமால் மாத்திரை சிறிதளவு கொடுத்தாலும் பூனைக்கு விஷம்தான். பினாயில் ஊற்றிக் கழுவிய ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் பாதிப்பு வரும்.

தடுப்பூசியும் கருத்தடையும்

முதல் வாரத்திலேயே குடற்புழு நீக்க மருந்து கொடுக்க மருத்துவரிடம் கேளுங்கள். குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என மூன்று மாத வயது வரை கொடுப்பார்கள். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் போட வேண்டும். ஜூலை 6-ம் தேதி உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம்.

வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தர 1907-ல் குன்னூரில் பாஸ்டியர் ஆய்வகம் தொடங்கப்பட்ட மாவட்டம் இது. ஆனாலும் பூனைக்கீறலை அலட்சியப்படுத்துகிறோம். கடித்தாலோ கீறினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

ஐந்து மாத வயதையொட்டிக் கருத்தடை செய்துவிடுவது நல்லது. பூனையின் சினைக்காலம் சுமார் 63 நாட்களே. ஒரு பெட்டைப் பூனை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை ஈனும். யாரும் வாங்காத குட்டிகள்தான் தோட்டத்தில் திரிந்து, சோலைப் பறவைகளையும் பிடித்துத் தின்கின்றன.

ஆடு வளர்ப்போர் கவனத்துக்கு

பூனையின் மலம் வழியாகப் பரவும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சினை ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும். தீவனக் குவியலில் பூனை மலம் கழிக்காதபடி தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மலப் பேசினைத் தினமும் சுத்தம் செய்யுங்கள்; ஒட்டுண்ணி நோய் பரப்பும் நிலையை அடைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

எப்போது வெளியே விடலாம்?

நீங்கள் அறைக்குள் போனதும் வாலை உயர்த்தி எதிரே வந்தால் குட்டி பழகிவிட்டது. அதன் பிறகு வீட்டின் மற்ற அறைகளைத் திறந்துவிடுங்கள். முற்றத்துக்குத் தடுப்பூசிக்குப் பிறகு, பகலில், உணவு வேளைக்குச் சற்று முன்பு விடுங்கள். பசி அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வரும். இருட்டும் முன் உள்ளே அழைத்துவிட வேண்டும். தட்டில் கரண்டியால் தட்டும் ஓசைக்கு முதல் நாளிலிருந்தே பழக்கினால் கூப்பிட்டதும் வரும்.

பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பட்டினிப் பூனை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஐந்து, ஆறு மாதத்தில் குட்டி எலி பிடிக்கத் தொடங்கும். பெருச்சாளியை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். தீவனத்தை மூடியுள்ள டின்னில் வைப்பதும், சுவர் ஓட்டையை அடைப்பதும் உங்கள் வேலை. மீதியைப் பூனை பார்த்துக்கொள்ளும். அதற்கு முன், அந்த முதல் 15 நாட்களுக்கு அதை அவசரப்படுத்தாமல் இருங்கள்.