தள்ளாடாத பையனுக்குத்தான் ஆபத்து அதிகம்

ஊர்த் திருவிழாவில் கச்சேரி மேடைக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில் நாலைந்து பையன்கள் கூடி நிற்பார்கள். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிறவர்கள். யாரோ ஓர் அண்ணன் வாங்கிக் கொடுத்த குவார்ட்டர், இரண்டு தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர்கள். குடித்து முடித்த பிறகு ஒருவன் மட்டும் நடை பிசகாமல், பேச்சு குழறாமல் நிற்பான். "மாப்ள செம ஸ்டெடிடா" என்று மற்றவர்கள் தோளில் தட்டுவார்கள். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் அவனுக்கு ஒரு பெயர். அடுத்த தடவை அவன் டம்ளரில் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார்கள்.

அவன் ஸ்டெடியாக நிற்பது நிஜம். ஆனால், அது அவன் உடம்பின் தெம்பு என்று நினைப்பது தவறு. அவன் வயதுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அந்த வயதில் மதுவின் ஆபத்தே இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஸ்பியர் இதைப் பல ஆண்டுகள் எலிகளிடம் ஆராய்ந்தவர். விடலைப் பருவத்து எலிக்கும் வளர்ந்த எலிக்கும் எடைக்கு ஏற்றபடி ஒரே அளவில் மது கொடுத்தால், வளர்ந்த எலி சீக்கிரம் தள்ளாடுகிறது, சுருண்டு படுத்துவிடுகிறது. இளசு அப்படியில்லை. நடமாடிக்கொண்டே இருக்கிறது, மற்ற எலிகளோடு இன்னும் உற்சாகமாக விளையாடுகிறது. மறுநாள் அவதியும் அதற்குக் குறைவு. குடிக்கிறவரைப் பார்த்து 'போதும், நிறுத்து' என்று உடம்பு சொல்லும் அறிகுறிகள் தூக்கம், தள்ளாட்டம், குமட்டல், மறுநாள் தலைவலி ஆகியவைதான். அந்த அறிகுறிகளெல்லாம் இளம் வயதில் மங்கலாக வருகின்றன. சிரிப்பும் சகவாசச் சுகமும் மட்டும் கூடுதலாகக் கிடைக்கின்றன.

அப்படியானால் இளம் மூளை மதுவைத் தாங்கிக்கொள்கிறதா? அதுதான் இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டர் குழு நினைவாற்றலைச் சோதித்தபோது படம் தலைகீழானது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை, வளர்ந்த எலிகளைவிட இளம் எலிகளிடம் மது அதிகமாக முடக்கியது. மனிதர்களில் பள்ளி மாணவர்களுக்கு மது கொடுத்துச் சோதிக்க முடியாது, கூடாது. எனவே சட்டப்படி குடிக்கும் வயதை எட்டிய இளைஞர்களையே அந்தக் குழு எடுத்துக்கொண்டது. அதிலும்கூட, இருபதுகளின் பின்பாதியில் இருந்தவர்களைவிட முன்பாதியில் இருந்தவர்களுக்கே நினைவு அதிகம் தடுமாறியது.

காரணம் நரம்பணுக்களுக்கு இடையே ஓடும் வேதிப்பொருட்களில் இருக்கிறது. மூளையை அமைதிப்படுத்துவது காபா. விழிப்பூட்டிக் கற்கவைப்பது குளூட்டமேட். மது முன்னதைத் தூண்டுகிறது, பின்னதை அடக்குகிறது. கற்கும் வயதில் குளூட்டமேட்டின் வேலை உச்சத்தில் இருப்பதால் அடியும் அங்கே பலமாக விழுகிறது. "நேத்து ராத்திரி எப்படி வீட்டுக்கு வந்தேன்னே தெரியலடா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள் அல்லவா? மட்டையாகிக் கிடந்தவன் சொல்வதல்ல இது. நடந்து, பேசி, சில நேரம் வண்டியும் ஓட்டி வந்தவன் சொல்வது. அவன் நடந்துகொண்டிருந்த நேரத்தில் மூளை எதையும் பதியவே இல்லை. கேட்கிறவர்கள் சிரிக்கக் கூடாத பேச்சு அது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இன்பத்தைத் தேடும் பகுதிகள் பதின்வயதிலேயே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. விளைவை யோசித்து நிதானிக்கவைக்கும் முன்மூளைப் புறணியோ இருபத்தைந்தை ஒட்டித்தான் முழுமை பெறுகிறது. இந்த இடைவெளிக்குள் மது நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. 1990களில் அமெரிக்காவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றை பிரிட்ஜெட் கிராண்டும் டெபோரா டாசனும் அலசினார்கள். 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்கள் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். இருபதைத் தாண்டித் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். இதை வைத்து எல்லாப் பழியையும் தொடங்கிய வயதின் மீதே போட முடியாது. குடிக்கும் தகப்பன், மரபணு, சிதறிய குடும்பம் என்று சீக்கிரம் தொடங்கவைக்கிற காரணங்களே பின்னால் அடிமையாகவும் ஆக்கலாம். என்றாலும் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் லாபம் என்பதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நீண்ட காலக் கதை கிடக்கட்டும், ஒரே இரவில் நடப்பதைப் பார்ப்போம். நம் ஊர் குவார்ட்டரில் 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 45 கிலோ எடையுள்ள பையன் வெறும் வயிற்றில் அதை மளமளவென்று இறக்கினால், 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 150 மில்லிகிராமைத் தாண்டிவிடும். வண்டி ஓட்டுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. பெண் பிள்ளைகளின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு இன்னும் மேலே ஏறும். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் இந்த அளவிலிருந்து குறைப்பது ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான். மோர், எலுமிச்சைச் சாறு, கட்டங்காப்பி, தலையில் ஒரு குடம் தண்ணீர் என எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

அதனால்தான் "படுக்கப் போடுடா, தூங்கினா தெளிஞ்சிடும்" என்ற யோசனை உயிரைப் பறிக்கிறது. கடைசி மடக்கு உள்ளே போன பிறகும் வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும். மூச்சை இயக்கும் மையம் மந்தமாகும். மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் இறங்கும். சிறு வயதினருக்கு ரத்தச் சர்க்கரையும் ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் நண்பர்கள் தயங்குகிற நேரம்தான் அவனுக்கு மிச்சமிருக்கும் நேரம். 'என்ன தப்பு நடந்தாலும் முதலில் போன் பண்ணு, திட்டுவதை அப்புறம் பார்க்கலாம்' என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்த வீடு எத்தனை?

வீட்டிலேயே ஒரு வாய் கொடுத்துப் பழக்கிவிட்டால் வெளியே போய்ச் சீரழிய மாட்டான் என்று நினைக்கும் அப்பாக்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் மேட்டிக் குழு 1,900-க்கும் அதிகமான பதின்வயதினரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. பெற்றோர் ஊற்றிக் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததற்கு ஆதாரம் இல்லை. மாறாக, அந்தப் பிள்ளைகள் வெளியிலும் மது பெறும் வாய்ப்புதான் கூடியது. ஆண்டுக்கு ஒருமுறை போலீஸ்காரர் வந்து மிரட்டிவிட்டுப் போகும் விழிப்புணர்வு வகுப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் 1983இல் தொடங்கிய 'டேர்' திட்டம் போலீஸ்காரர்களை வைத்து இத்தகைய வகுப்புகளை நாடு முழுக்க நடத்தியது. ஆய்வுகளில் பெரிதாக ஒரு பலனும் தெரியவில்லை. உள்ளே நிதானம் இன்னும் முளைக்காத வயதில் அறிவுரை எங்கே போய் ஒட்டும்? அந்த நிதானத்தை வெளியிலிருந்து ஊர்தான் கொடுத்தாக வேண்டும்.

ஒரு நாடு அப்படிக் கொடுத்துக் காட்டியது. 1998இல் ஐஸ்லாந்தில் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர் போன்ற சமூகவியலாளர்கள் பள்ளிப் பிள்ளைகள் அனைவரிடமும் கேள்வித்தாள் கொடுத்து, முடிவுகளை அந்தந்தப் பள்ளிக்கும் வட்டாரத்துக்கும் சில மாதங்களிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். 'நாட்டில் நடக்கிறது' என்று யாரும் நழுவ முடியவில்லை. எங்கள் பள்ளியில் இத்தனை பேர் என்று தாளில் இருந்தது. குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் துணையில்லாமல் இரவு பத்து மணிக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது என்று சட்டம். இருபது வயதுக்குள் மது கிடையாது, விளம்பரமும் கிடையாது. தலைநகர் ரெய்க்யவிக் ஒவ்வொரு பிள்ளைக்கும் விளையாட்டு, இசை, நடன வகுப்புக் கட்டணத்துக்காக ஆண்டுக்கு 35,000 குரோனா வரை கொடுத்தது. பெற்றோர் சேர்ந்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். வார இறுதி இரவுகளில் முறை வைத்துத் தெருக்களில் நடந்தார்கள்.

ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் இளையோர் குடி குறைந்தது, ஐஸ்லாந்து மிகச் சிறிய நாடு என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால், அங்கும் மதுக்கடையை நடத்துவது அரசுதான் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2003 முதல் இங்கே சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு. "அண்ணே, ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுங்கண்ணே" என்று கடைக்கு வெளியே நிற்கும் பையனிடம் காசு வாங்கிக்கொண்டு உள்ளே போகிற எந்த அண்ணனுக்கு இது தெரியும்? கடை வாசலில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட வேண்டிய பிரிவு அது. தனியார் கடைக்காரரை மிரட்டிப் பணியவைக்க வேண்டிய வேலையும் இங்கே இல்லை; முகம் பார்த்துச் சந்தேகம் வந்தால் ஆதார் கேள் என்று ஒரு சுற்றறிக்கையில் அரசு தன் ஊழியருக்கே சொல்லிவிடலாம். அதைக் கறாராகச் சோதிக்கவும் செய்யலாம்.

மீதி வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே அமைப்பு இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கட்டடம், கழிப்பறை, சத்துணவு பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் ஒருமுறை வைக்கலாம். பள்ளி மைதானத்தை ஐந்து மணிக்குப் பூட்டாமல் விட முடியுமா, இரண்டு விளக்குக் கம்பத்துக்கு ஊராட்சியில் பணம் கேட்கலாமா என்று பேசலாம். பொதுத்தேர்வு முடிகிற நாளிலும் திருவிழா இரவிலும் யார் யார் பொறுப்பு எடுத்துக்கொள்வது என்று பெயர் எழுதலாம். கோடை விடுமுறைக்கு முந்தைய கூட்டமே அதற்குச் சரியான நேரம்.