முறுக்கும் சுருள்வில்லும்

ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு முனையை ஒரு பக்கமும் மறுமுனையை எதிர்ப்பக்கமும் திருப்புகிறோம். இச்செயலுக்கு யந்திரவியலில் முறுக்கம் என்று பெயர். லாரியில் எஞ்சினின் வலிமையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் உருக்குத் தண்டும், கப்பலின் சுழல்விசிறியை இயக்கும் தண்டும் இந்த முறுக்கத்தையே தாங்குகின்றன. தண்டு முறிந்தால் கப்பல் நடுக்கடலில் செயலற்று நின்றுவிடும். ஆகவே, எந்தத் தண்டு எவ்வளவு தாங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டறிவது இன்றியமையாதது.

இக்கணக்கிற்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு நாட்டு ராணுவப் பொறியாளரும் விஞ்ஞானியுமான கூலும். கம்பியை முறுக்கத் தேவையான திருப்புவிசை, முறுக்கிய கோணத்திற்கு நேர் விகிதத்திலும், கம்பியின் நீளத்திற்கு எதிர் விகிதத்திலும் அமையும் என்று அவர் 1784-ல் சோதனை வாயிலாகக் காட்டினார். அத்துடன், விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து அது வளரும் என்றும் கண்டார். விட்டம் இருமடங்கானால் விறைப்பு பதினாறு மடங்காகும்!

இது எவ்வாறு நேர்கிறது? விட்டம் இரட்டித்தால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகிறது. அதே கோணம் முறுக்கும்போது ஓரத்திலுள்ள துகள்கள் இருமடங்கு தூரம் நகர்கின்றன. அவை மையத்திலிருந்து இருமடங்கு தள்ளியிருப்பதால் நெம்புகோலின் பயனும் இரட்டிக்கிறது. நான்கு, இரண்டு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் பதினாறு.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலனாகும். தண்டின் நடுப்பகுதி மிகச் சிறிதளவே உழைக்கிறது. விட்டத்தில் பாதியளவு துளையிட்டு நடுப்பகுதியை நீக்கினால் எடையில் கால்பங்கு குறையும். வலிமையிலோ பதினாறில் ஒரு பங்கே குறையும். எடையைக் குறைக்க வேண்டிய இடங்களில் உட்துளையுள்ள தண்டுகளை விரும்புவது இதனால்தான்.

மாணவர்கள் ஒரு சாக்குக்கட்டியை இரு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பார்க்குமாறு நான் கேட்டுக்கொள்கிறேன். அது நேராக ஒடியாமல், திருகுப் படிக்கட்டைப் போல் சாய்வாக உடையும். முறுக்கத்தால் 45 பாகைச் சாய்வில் இழுவிசை மிகுகிறது. சாக்குக்கட்டியோ இழுவிசையைத் தாங்காதது. மென்மையான உருக்கோ, முறுக்கி முறித்தால், குறுக்கே தட்டையாக வெட்டுண்டதுபோல் முறியும். முறிந்த முகத்தைக் கொண்டே காரணத்தை ஊகிக்கலாம்.

இனிச் சுருள்வில்லுக்கு வருவோம். அதில் எடையைத் தொங்கவிட்டால் கம்பி நீள்கிறது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் கம்பி முறுக்குண்கிறது. எடை சுருளின் அச்சில் செயல்படுகிறது. கம்பியோ அச்சிலிருந்து சுருளின் ஆரம் அளவு விலகி நிற்கிறது. அந்த விலகலே எடையை முறுக்கமாக மாற்றுகிறது. சுருள்வில் என்பது வளைத்துச் சுருட்டிய தண்டே!

ஆகவே, கம்பியின் விட்டம் இரட்டித்தால் வில் பதினாறு மடங்கு விறைக்கும். சுருளின் விட்டம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகத் தளரும். சுற்றுகளைப் பாதியாக வெட்டினால் இருமடங்கு விறைக்கும்.

இது வெறும் ஏட்டுக்கணக்கன்று. பழுதான வில்லுக்குப் பதிலாக, கண்ணுக்கு அதே அளவாகத் தோன்றும் ஒன்றைப் பொருத்துகிறார்கள் எனக் கொள்வோம். அதன் கம்பி பத்தில் ஒரு பங்கு மெல்லியதாயிருந்தால், விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வலிமையிலும் கால்பங்குக்கு மேல் குறையும். பல்லாயிரம் முறை அமுங்கி எழும் வில்லில், மேற்பரப்பிலுள்ள சிறு கீறலிலிருந்தே வெடிப்பு தொடங்கக்கூடும். வண்டியில் செல்வோரின் உயிர் அந்தக் கம்பியை நம்பியிருக்கிறது. ஆதலால் கண்மதிப்பை நம்பாமல் அளவுகோலால் அளந்து பொருத்துவதே பொறியாளரின் கடமை.