மாநிலம் கடக்கும் செவிலியர்: முதல் வேலையும் பதிவேடும்

கோயம்புத்தூரில் செவிலியர் கல்வியை முடித்த ஒரு பெண், திருமணத்தின் காரணமாகவோ குடும்பத்தாரின் பணிமாற்றம் காரணமாகவோ மைசூரில் குடியேறுவது இன்று அரிய நிகழ்ச்சியன்று. திம்பம் மலைப்பாதை வழியாகச் சாமராஜநகரைக் கடந்தால் ஒரு பகற்பொழுதிற்குள் மைசூரை அடைந்துவிடலாம். ஆனால், அவருடைய பதிவுச் சான்றிதழ் அத்துணை விரைவாக எல்லையைக் கடப்பதில்லை. புதிய ஊரில் முதல் வேலை கிடைப்பதில் நேரும் தாமதத்திற்குப் பல வேளைகளில் தகுதிக் குறைவு காரணமாவதில்லை. பதிவேடு மாநிலந்தோறும் தனித்தனியே பேணப்படுவதே காரணமாகிறது.

தகுதி நாட்டிற்கு, பதிவு மாநிலத்திற்கு

சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் பதிவிற்கான சட்டம் 1926ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அந்நாளில் மைசூர் தனியொரு சமஸ்தானம். அதற்கு அருகிலுள்ள கொள்ளேகாலமோ கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வட்டமாக 1956 வரை இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த பின்னர், 1961ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய கர்நாடகத்திற்கெனத் தனிப் பதிவு முறையை வகுத்தது. இவற்றிற்கிடையே 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், நாடெங்கும் பயிற்சியின் தரம் ஒரே சீராக இருத்தல் வேண்டும் என்னும் நோக்குடன் பிறந்தது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியைப் பெற்றவர் எந்த மாநிலப் பதிவேட்டிலும் இடம்பெறத் தகுதியுடையவர் என்று அச்சட்டம் கூறிற்று. எனினும், பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் செயல் மாநிலக் கவுன்சிலின் பொறுப்பாகவே இருந்துவந்துள்ளது. தகுதி செல்லுபடியாகும் என்பதும், பெயர் பதிவாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல என்பதைப் பயிற்சி முடித்த மாணவியர் பலர் வேலை தேடும்போதுதான் உணர்கின்றனர்.

நடைமுறை இதுவே. பயின்ற மாநிலத்தில், அதாவது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில், முதற்பதிவை முடித்தல் வேண்டும். பின்னர் அக்குழுமத்தின் தடையின்மைச் சான்றுடன் பெங்களூரிலுள்ள கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். இரு அலுவலகங்கள் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டியிருப்பதால், வேலை தேடத் தொடங்கிய பின் விண்ணப்பிப்பதைக் காட்டிலும், ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பே தொடங்குவது நன்று. தந்தை பெயரின் தலைப்பெழுத்துடன் மதிப்பெண் பட்டியலும், கணவர் பெயருடன் ஆதார் அட்டையும் இருப்பின் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடக்கூடும். இச்சிறு இடர்ப்பாட்டைப் பயிற்சிக் கல்லூரிகள் முன்கூட்டியே எடுத்துக் கூறலாம்.

2023ஆம் ஆண்டின் தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய அமைப்பை ஏற்படுத்த வகைசெய்கிறது. மாநிலப் பதிவேடுகளோடு ஒரு தேசியப் பதிவேடும் இதன்கண் அடங்கும்.

மைசூரில் வாய்ப்புகள்

மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும், மகளிர்க்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா மருத்துவமனையும் அரசு நிறுவனங்கள். மண்டி மொகல்லாவில் 1906ஆம் ஆண்டில் தோன்றிய ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை திருச்சபை வழிவந்தது. ஜே.எஸ்.எஸ். மருத்துவமனை போன்ற பெரிய தனியார் நிறுவனங்களும் உள்ளன. அரசுப் பணியை நாடுவோர் இரண்டை மனத்திற்கொள்ளல் வேண்டும்: கன்னட அறிவு எதிர்பார்க்கப்படுகிறது, தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்று கர்நாடக அரசுப் பணிகளின் இடஒதுக்கீட்டிற்கு உதவுவதில்லை. ஆகவே புதிதாக வருபவரின் முதற்படி பெரும்பாலும் தனியார் மருத்துவமனையாகவே அமைகிறது.

அங்கும் மொழி குறுக்கிடுகிறது. தமிழும் கன்னடமும் உடன்பிறந்த மொழிகளாதலால் கற்றல் எளிது, ஏமாறுதலும் எளிது. 'நோவு', 'தலெ சுத்து' என்பன உடனே விளங்கிவிடும். தமிழின் பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாகிறது என்பதை அறிந்தால் பல் 'ஹல்லு', பால் 'ஹாலு', பாம்பு 'ஹாவு' என்பன தாமே புலப்படும். பாம்புக்கடியுடன் வருபவரின் உறவினர் பதற்றத்தில் சொல்லும் ஒரு சொல் புரியாமற்போவது சிறு செய்தியன்று. மாறாக, பேச்சுத் தமிழில் உயிரைக் குறிக்கும் 'உசிரு' கன்னடத்தில் மூச்சையும் குறிக்கும். 'உசிரு கட்டுத்தெ' என்று நோயாளி கூறினால் மூச்சடைக்கிறது என்பது பொருள். மாத்திரை கொடுக்கையில் 'ஊட்டக்கெ முஞ்செ' என்பது உணவிற்கு முன், 'ஊட்ட ஆத மேலெ' என்பது உணவிற்குப் பின். இத்தகைய ஐம்பது அறுபது தொடர்களைப் புறப்படுமுன் மனனம் செய்தவருக்கு முதல் வாரம் அச்சமின்றிக் கழியும். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இதே மைசூரில் இயங்கிவருகிறது. மருத்துவமனைக்கென ஒரு சிறு கன்னடக் கையேடு அங்கு உருவாவது பொருத்தமாக இருக்கும்.

ஊதியமும் அனுபவச் சான்றும்

தனியார் செவிலியரின் ஊதியம் குறித்து 2016ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, படுக்கைகளின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டது. 200க்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100க்கு மேற்பட்டதில் அதனினும் 10 விழுக்காட்டிற்கு மிகாத குறைவு. 50 முதல் 100 வரை 25 விழுக்காட்டிற்கு மிகாத குறைவு. 50க்குக் குறைந்ததில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய் என்று அது பரிந்துரைத்தது. நலவாழ்வு மாநிலப் பொருளாதலால், நடைமுறைப்படுத்துதல் மாநிலங்களிடம் விடப்பட்டது. பரிந்துரை சட்டமன்று, ஆயினும், நேர்காணலுக்குச் செல்பவருக்குத் தாம் கேட்பது மிகையா, குறையா என அறிய அது உதவும்.

அசல் சான்றிதழ்களை மருத்துவமனையிடம் ஒப்படைக்குமாறு கேட்டால் இணங்குதல் கூடாது. 2011ஆம் ஆண்டில் மும்பை, டில்லி முதலிய நகரங்களில் செவிலியர் வேலைநிறுத்தம் செய்ததற்கு, சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் ஒப்பந்த முறையும் ஒரு காரணம்.

பட்டயம் மட்டும் பெற்றவர் முதல் வேலையைத் தேர்கையில் ஊதியத்தோடு மருத்துவமனையின் அளவையும் கருதுதல் வேண்டும். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான செவிலியர் அலுவலர் பொதுத் தேர்வை எழுத, பட்டயம் பெற்றோர் குறைந்தது 50 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டாண்டு பணியாற்றியிருத்தல் வேண்டும். வீட்டிற்கு அருகிலுள்ள 20 படுக்கை மருத்துவ இல்லத்தில் கழித்த ஆண்டுகள் அக்கணக்கில் சேரா. பணியில் சேர்ந்த நாள், படுக்கைகளின் எண்ணிக்கை, பதிவு எண் ஆகிய மூன்றும் குறிக்கப்பட்ட அனுபவச் சான்றை விலகும் நாளிலேயே பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.